எட்டரை மணி ‘போறேன்’

29 ஆகஸ்ட் 2005, திங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு காடு உண்டானது. டைப் அடித்தது நான்.

சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே வெளியூர் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது மானேஜர் மருதுபாண்டி சாரின் கணிப்பு. ஆகவே ராமேஸ்வரத்தில் இருக்கும் எங்கள் டூர் ஆபீஸ் கடலை விட்டுவிட்டுக் காட்டுக்கு மாறுகிறது. மூன்று நாள் ஜங்கிள் ட்ரெக். அடர்ந்த காட்டில் நடை, கிராமத்து வீட்டில் தங்கல், ஆற்றில் ராஃப்டிங். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

‘காடு எங்கே சார்?’ என்று கேட்க நினைத்தேன். நினைப்பதோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம். என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்: “அபிராமம் பக்கம் கெடக்குற சீமைக்கருவேல் பத்தாதாம்மா? உள்ள போன ஆளு லேசுல வெளிய வந்துர முடியுமா? பிறகென்ன, காடுதான்.”

வர முடியாதுதான். முள்.

ஆறு? வைகை. போன மாதம் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுக்குள் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள், ரிவர் ராஃப்டிங் என்று அடித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

31 ஆகஸ்ட், புதன்

“உலகம்மாள்ங்கிற பேரு வெள்ளைக்காரன் வாயில நுழையாது. உலான்னு வச்சுக்குவோம். உலான்னாலே டூருதான?” என்றார் சார்.

என் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை வந்துவிட்டது. கைடு: உலா. மூன்று வருடம் பி.ஏ. இங்கிலீஷ் படித்து வாங்கிய பட்டம் பெயருக்குப் பின்னால் வரும் என்று நினைத்தேன். பெயரிலேயே பாதி போய்விட்டது.

6 செப்டம்பர், செவ்வாய்

கிராமம் முடிவாகிவிட்டது. சார் ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

எங்கள் ஊர்.

ஊர் மட்டும் என்றால் பரவாயில்லை. “சோணைமுத்துன்னு ஒருத்தரு வீடு. கருவேல வெட்டிக் கரிமூட்டம் போடுறவராம். வீட்டுல ஆளில்ல, தலையாரிதான் காட்டுனாரு. முன்னாடி வேப்பமரம், கட்டில் போட எடம். முக்கியமா, அந்தத் தெருவுலயே கக்கூஸ் உள்ள ஒரே வீடும்மா!”

அந்தக் கக்கூஸ், நான் காலேஜ் இரண்டாம் வருடத்தில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து என்னைப் பெற்ற அய்யாவைக் கட்ட வைத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சார், அவர் என் அய்யா. நாலே சொல். ஆனால் மே மாதம் இன்டர்வியூவில் “சொந்த ஊரு ராம்நாடு டவுன்தான?” என்று அவர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். பொய் சொல்லவில்லை, வாயைத் திறந்தால்தானே பொய். அந்த ஒரு தலையாட்டலைத்தான் நாலு மாதமாகக் காப்பாற்றி வருகிறேன்.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து ரோஷிணி மேடம் வருகிறார். வெளிநாட்டு ஆட்களை அனுப்பப்போவது அவர் கம்பெனி. அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம். சார் தெளிவாகச் சொன்னார்: “அவங்களுக்கு டவுன்ல வளந்த கைடுதான் வேணுமாம். உள்ளூர்ப் பிள்ளையப் போட்டா, செலவு மிச்சம் பிடிக்கிறோம்னு நெனைப்பாங்க.”

நிரந்தரமாகாவிட்டால் தீபாவளிக்கு ஊருக்குப் போய், கரி வியாபாரம் பார்க்கும் மாமன் மகன் மூக்கையாவுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அய்யாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவும் தலையாட்டல்தான்.

11 செப்டம்பர், ஞாயிறு

ஊருக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “ஆத்தா, வெள்ளைக்காரங்க நம்மூருக் காட்டுக்கு வாராங்க,” என்றேன்.

“ஏன், அவுக ஊர்ல கக்கூஸ் இல்லையாக்கும்?”

எங்கள் தெருவில் காட்டுக்குப் போவது என்றால் சொம்போடு போவது. அய்யாகூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. பிரோஷரின் தமிழ்ப் பக்கத்தில் ‘வாருங்கள், மூன்று நாள் காட்டுக்குப் போவோம்’ என்று நான்தானே எழுதியிருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் மற்றதைச் சொன்னேன். அவர்கள் தங்கப்போவது நம் வீட்டில். ஒரே ஒரு ராத்திரி. அவர்கள் முன்னால் என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது.

ஆத்தா முறத்தில் உளுந்துக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அப்ப ஒன்னைய என்னன்னு கூப்பிடணும்? டீச்சரா, மேடமா?”

“மேடம்.”

“சரி. தெருவுல நான் சொல்லிக்கிறேன்.”

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அன்னைக்கு எனக்கு மூட்டத்துல காவல் இருக்கு,” என்றார். அந்த மூட்டத்துக்கு இன்னும் விறகே வெட்டவில்லை.

12 செப்டம்பர்

ஆத்தா ஏன் கோபப்படவில்லை? கோபப்பட்டிருந்தால் வேலையை விட்டிருப்பேனா? மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் கோபப்படவில்லை.

8 அக்டோபர், சனி

எங்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து எழுதுகிறேன். இருட்டிவிட்டது. வேப்பமரத்தடியில் புதுக் கட்டில்கள், புதுக் கொசுவலைகள். எல்லாம் கம்பெனி கொடுத்தது. ஆத்தா மட்டும் பழையது.

ரோஷிணி மேடத்துக்குத் தமிழ் தெரியாது. கூட ஹாலந்து தேசத்துத் தம்பதி, பீட்டர், அன்னெக். இருவருக்கும் அறுபதுக்கு மேல். முழங்கால்வரை பூட்ஸ். கருவேலுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஆறு கிலோமீட்டர் நடந்தோம். டவுன் பஸ்ஸில் வந்தால் கால் மணி நேரம். கண்ட விலங்குகள்: மயில் நாலு, கீரி ஒன்று. வெள்ளாடுகளை எண்ணவில்லை. இந்த மரம் இந்த மண்ணுக்கே உரியதா என்று பீட்டர் கேட்டார். “இல்லை, வெளியிலிருந்து வந்தது, இப்போது போக மாட்டேன் என்கிறது,” என்றேன். நான் செய்த முதல் இங்கிலீஷ் நகைச்சுவை. யாரும் சிரிக்கவில்லை.

காட்டின் நடுவே புகை. விறகை அடுக்கி மண் பூசி உள்ளுக்குள் எரியவிட்ட கரிமூட்டம். பக்கத்தில் அய்யா, இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் கரி. எத்தனை நாள் எரியும் என்று பீட்டர் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

“நாலு நாளு எரியுமுங்க.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ‘ங்க’ போட்டு. இருபத்திரண்டு வருடத்தில் அய்யாவிடம் நான் வாங்கிய முதல் மரியாதை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான்தானே கேட்டு வாங்கியது.

தெருவே நடித்தது. ஆத்தா, “வாங்க மேடம், ஒக்காருங்க மேடம்,” என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எதிர்வீட்டு இருளம்மா அத்தைக்குத்தான் ஆசை அடங்கவில்லை. “மேடத்துக்கு எந்த ஊரு? இம்புட்டு வயசாச்சே, கல்யாணம் ஆயிருச்சா மேடம்?” என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். சார் பக்கத்திலேயே நின்றார். “இல்லைங்க,” என்றேன்.

“அடப்பாவமே. எங்கூர்ல கரி யாவாரம் பாக்குற மாப்பிள்ள ஒருத்தரு இருக்காரு. சொல்லவா?”

சாயங்காலம் அன்னெக், ஆத்தாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

“ஒரே பொண்ணு. ராமேசரத்துல வேலைக்கிருக்கா. எங்க வகையறாவுல மொத மொதல்ல காலேசு ஏறுன புள்ள.”

மொழிபெயர்த்தேன்.

“வாய்தான் தெறக்க மாட்டா. எதக் கேட்டாலும் தலைய ஆட்டிருவா. அதுல என்னத்துக்கு ஆட்டுனா, எதுக்கு ஆட்டுனான்னு பெத்தவ கண்டுபிடிச்சுக்கிறணும்.”

அதையும் மொழிபெயர்த்தேன். கைடு எதையும் விடக் கூடாது. அன்னெக் சிரித்து, அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். ஆத்தாவிடம் சொன்னேன்.

“வந்தான்னா காட்டுறேன்,” என்றாள்.

பிறகு ரோஷிணி மேடம் ஒரு படிவத்தை எடுத்தார். வீட்டுக்காரர் பெயர்? ஆத்தா புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அப்படித்தான். இன்றும் பார்த்தாள். நானும், “சோணைமுத்து,” என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

மானேஜர் சார் நிமிர்ந்தார். “பேரெல்லாம் மனப்பாடமா! வெரி குட் உலா.”

9 அக்டோபர், ஞாயிறு

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

காலை எட்டரை. வேன் புறப்படத் தயார். ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். கடைசியில் நானும் கும்பிட்டு, நேற்றிலிருந்து பேசிவரும் அதே டவுன் தமிழில், “அப்ப நான் போறேங்க,” என்றேன்.

“ஏ கூறுகெட்டவளே! வாசல்ல நின்னுக்கிட்டுப் போறேன்னா சொல்லுவ? வாரேன்னு சொல்லுடி!”

உடனே ஆத்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று முழுக்க அத்தனை ‘மேடம்’ சொன்ன வாய். வெளியே வந்த ஒரு ‘டி’யை உள்ளே தள்ள முடியவில்லை.

என்ன சொன்னார் என்று அன்னெக் கேட்டார். சொன்னேன்: எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது, அது திரும்பி வராதவர்கள் சொல்வது, வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“நாங்களும்தான் கிளம்புகிறோம். உங்களை மட்டும் ஏன் திட்டினார்?”

ரோஷிணி மேடம் பேனாவைத் திறந்தார். சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. தலையாட்டித் தப்பிக்கிற கேள்வியாகவும் அது இல்லை.

“ஷீ இஸ் மை மதர்,” என்றேன்.

அன்னெக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆத்தா பதறிப்போய், “அந்தம்மா ஏன்டி அழுகுது? ராத்திரி சோறு வயித்துக்கு ஒத்துக்கலையா?” என்றாள். பீட்டர் படம் எடுத்தார். எதிர்வாசலிலிருந்து இருளம்மா அத்தை, “நாங்கள்லாம் சரியாத்தான நடிச்சோம், ஒங்காத்தாதான் கெடுத்துப்புட்டா!” என்று கத்தினாள்.

மத்தியானம் ராஃப்டிங். வைகை கடலில் போய்ச் சேரும் இடத்தில், ஆற்றங்கரை என்றே பெயருள்ள ஊரில் மட்டும் கடலின் தயவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். தங்கச்சிமடத்து மீனவர் சூசை அண்ணன் ராஃப்டுக்காகப் பிளாஸ்டிக் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். மூவரும் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ராஃப்ட் மிதந்தது. சூசை அண்ணன் அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு.

“தலைக்கு எதுக்கும்மா தொப்பி? இங்கன என்ன தேங்காயா விழப்போவுது?” என்றார். அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.



10 அக்டோபர், திங்கள்

மூன்றாம் நாள், தங்கச்சிமடத்தில் சூசை அண்ணன் வீடு. நல்ல மீன் குழம்பு. சார் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

மூக்கையா நல்லவன்தான். குடிப்பதில்லை. கரியைப் பற்றி நன்றாகப் பேசுவான். கரி விலை, கரி ஈரம், கரி லாரி.

12 அக்டோபர், புதன்

சார் கூப்பிட்டார். மன்னிப்பை இங்கிலீஷில் தயார் செய்துகொண்டு போனேன். தமிழில் என்றால் அழுதுவிடுவேன்.

“ஏம்மா உலா, இத மொதல்லயே சொல்லிருந்தா பிரோஷர்லயே போட்டிருப்பேன்ல?”

புரியவில்லை. ரோஷிணி மேடத்தின் ஃபேக்ஸைக் காட்டினார். காடு சுமார், ராஃப்டிங் ரொம்பச் சுமார், ஆனால் கிராமத்து வீட்டில் விடைபெற்ற நிமிடம் மறக்க முடியாதது. இனி வரும் எல்லாக் குழுவுக்கும் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

புது நிகழ்ச்சிநிரலை நானே டைப் அடித்தேன். இரண்டாம் நாள், காலை 8.30: கைடின் தாயார் விடைகொடுத்தல்.

“எட்டரைக்கு நீ போறேன்னு சொல்லணும். அம்மா திட்டணும். அந்த ‘டி’ முக்கியம், விட்றாதீங்க,” என்றார் சார். “போன வாரம்வரைக்கும் டவுன் பொண்ணுன்னாங்க. இப்ப உள்ளூர்ப் பொண்ணுன்னாத்தான் உண்டாம். நமக்கென்ன போச்சு?”

நிரந்தர ஆர்டர் கையில் இருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

16 அக்டோபர், ஞாயிறு

ஆத்தாவிடம் சொன்னேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“மொதல்ல ஆத்தா இல்லாத மாதிரி நடிக்கச் சொன்ன. இப்ப ஆத்தா மாதிரி நடிக்கணுமா?”

தலையாட்டினேன்.

23 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது குழு, ஆறு பேர். எட்டரைக்கு, “போறேன் ஆத்தா,” என்றேன். ஆத்தா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, “ஏ. கூறு. கெட்டவளே,” என்று வாய்ப்பாடுபோல ஒப்பித்தாள். சார் வேனுக்குப் பின்னாலிருந்து, “இன்னுங் கொஞ்சம் கோவமா!” என்று சைகை காட்டினார். ஆறு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை முடியுமா என்று கேட்டார்.

இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை திட்டினாள்.

அய்யா மூட்டத்திலிருந்து வரவே இல்லை.

2 நவம்பர், புதன்

தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். ஆர்டரை எடுத்துக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கெவர்மெண்டா?” என்றார். இல்லை என்றேன். “சரி, பொறவு பேசுவோம்,” என்று முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூக்கையா வரவில்லை. நல்லது.

6 நவம்பர், ஞாயிறு

மூன்றாவது குழு. எல்லாம் நேரப்படி. ஆத்தா இப்போது நன்றாகவே செய்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் கண்ணால், ‘இப்பவா?’ என்று கேட்கிறாள். படத்துக்கு நின்று முடித்து வேனில் ஏறப்போனேன்.

“மேடம், தண்ணி பாட்டில உள்ளயே விட்டுட்டீக!”

நான் எதையும் விடவில்லை. இருந்தாலும் உள்ளே போனேன். அடுப்பங்கரையில் நின்றாள். 

“எத்தன தடவடி அந்தச் சொல்ல வாசல்ல நின்னு சொல்லுவ? ஒருநா இல்லாட்டி ஒருநா பலிச்சுத் தொலைச்சிட்டா? இங்கன சொல்லு. ஒழுங்காச் சொல்லு.”

“வாரேன் ஆத்தா.”

“ம். போயிட்டு வா.”

பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தாள். வெளியே சார் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

20 நவம்பர், ஞாயிறு

ஐந்தாவது குழு. ஐந்தாவது ‘போறேன்’ வாசலில், மூன்றாவது ‘வாரேன்’ அடுப்பங்கரையில். (முதல் இரண்டு இன்னும் பாக்கி நிற்கிறதாக ஆத்தா கணக்கு.)

“உனக்கு ஞாபகமறதி ஜாஸ்தியாயிருச்சு உலா. பாட்டில கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கம்மா,” என்கிறார் சார்.

25 நவம்பர், வெள்ளி

ஒரு வாரமாக மழை. வைகையில் தண்ணீர் வந்துவிட்டது! நிஜமான ஆறு, கரைக்குக் கரை, செம்மண் நிறத்தில். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கிரிக்கெட் ஆடிய இடம் எது என்று தெரியவில்லை.

ஆபீஸுக்குப் போனால் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நாளைக் குழு ரத்து.

“ஏன் சார்?”

“ஆத்துல தண்ணி ஓடுதேம்மா! ராஃப்டிங் எப்படி விட முடியும்?”

சூசை அண்ணன் போன் செய்தார். பீப்பாய்களை ஆறு அவிழ்த்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டதாம். எங்கள் கம்பெனி நடத்திய ஒரே உண்மையான ராஃப்டிங். ஆள் யாரும் ஏறவில்லை.

30 நவம்பர், புதன்

காட்டுக்குள் முழங்கால் சேறு. ஜங்கிள் ட்ரெக் நிறுத்தம். இனிக் கோயில் டூர் மட்டும்தான் என்று சார் சொல்லிவிட்டார். பழைய நிகழ்ச்சிநிரல் தாள்களின் பின்பக்கத்தில் கோயில் நேரங்களை அடிக்கிறேன். என் நிரந்தரம் நிரந்தரமாகத்தான் இருக்கிறது, செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

2 டிசம்பர், வெள்ளி

ரோஷிணி மேடம் பெங்களூரிலிருந்து பேசினார். தெற்கே எந்தெந்த ஊரில் விருந்தினரைத் தங்க வைக்கலாம் என்று போய்ப் பார்த்து, அந்த வீட்டுப் பெண்களோடு பேசிவர ஆள் வேண்டுமாம். பெங்களூரிலேயே ஆபீஸ், அங்கேயே தங்கல். “நன்றாகப் பேசுகிறவர் வேண்டும், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்,” என்றார். வேறு யாருக்கோ போட வேண்டிய நம்பரோ என்று நினைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டேன். யாரையும் வாசலில் நிற்கவைத்து எதுவும் சொல்லச் சொல்ல மாட்டேன், சம்மதமா?  சரி என்றார்.

போனில் தலையாட்டினால் தெரியாது. “வருகிறேன்,” என்று வாயைத் திறந்து சொன்னேன்.

11 டிசம்பர், ஞாயிறு

மதுரை பஸ்ஸில் எழுதுகிறேன்; அங்கிருந்து பெங்களூர். எழுத்து ஆடுகிறது.

மழையில் மூட்டம் கிடையாது, அதனால் அய்யா வீட்டில் இருந்தார். காலையில் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனையில் நின்று திரும்பி, “மேடம், பஸ்ஸு வந்துருமுங்க!” என்று கத்தினார். அவர் விளையாட்டாக நடித்தது இன்றைக்குத்தான் முதல் தடவை. இருளம்மா அத்தையைவிட நன்றாகவே நடித்தார்.

எட்டரை இருக்கும். வாசலில் நின்று திரும்பினேன். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன். வாய்ப் பழக்கத்தில், “போறேன் ஆத்தா,” என்று வந்துவிட்டது.

ஆத்தா திட்டவில்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். வேன் இல்லை. கேமரா இல்லை. கைதட்ட யாரும் இல்லை.

“தண்ணி பாட்டில உள்ளயே விட்டுட்ட,” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பாட்டில் என் கையில்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.